கதவோரம் நிக்கிற சிட்டு

அந்த ஆபீஸ்ல ஒரு பழக்கம் உண்டு. புதுசா ஒரு வீட்டுக்குப் பிளான் போடணும்னா யாரும் வெறும் பக்கத்துல இருந்து ஆரம்பிக்க மாட்டாங்க. போன வீட்டோட ஃபைலைத் தொறந்து, வேற பேர்ல சேமிச்சு, செவுத்தையெல்லாம் அழிச்சுட்டு, அது மேலயே புது வீட்டக் கட்டுவாங்க. சோம்பேறித்தனம்னு சொல்லுங்க, சாமர்த்தியம்னு சொல்லுங்க, பன்னெண்டு வருசமா அப்படித்தான் ஓடுச்சு. கண்ணுக்குத் தெரியற கோடெல்லாம் போயிடும். ஆனா உள்ளுக்குள்ள பழசு தங்கிடும். போன வீட்டுக் கட்டிலு, அதுக்கு முந்தின வீட்டு காரு, யாரோ ஒருத்தர் வேணாம்னு சொன்ன வளைஞ்ச மாடிப்படி, எல்லாம் மூட்டை கட்டி உள்ள உக்காந்திருக்கும்.

அதுக்குப் பேரு ப்ளாக்கு. ஒண்ணும் பெரிய விஷயமில்ல, ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி வெச்சுக்கங்களேன். ஒரு கதவ ஒரு தடவ வரைஞ்சு, அதுக்கு ஒரு பேரு வெச்சுட்டா, அப்புறம் வேணுங்கற எடத்துல எல்லாம் குத்திக்கலாம். பெருசா குத்தலாம், சின்னதா குத்தலாம். குத்துனத அழிச்சாலும் ஸ்டாம்பு மட்டும் டப்பாக்குள்ளயே கெடக்கும். அப்படிக் கெடந்து கெடந்து, ரெண்டே ரூம்பு இருக்கற வீட்டோட ஃபைலு ஒரு பெரிய ஆஸ்பத்திரி கணக்கா கனத்துப் போச்சு. தொறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்.

இத இப்ப ஏன் சொல்றேன்னா, திங்கக்கிழமை காலையில மேடம் வந்து பிளானக்கா மேசையில கைய ஊனி நின்னாங்க. மேடம்னா இந்த ஆபீஸ ஆரம்பிச்ச பெரிய எஞ்சினியரோட மக. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அப்பா படுத்த படுக்கையானதும் பொறுப்ப எடுத்துக்கிட்டாங்க. நல்லவங்க, ஆனா நடக்கறதே ஓடற மாதிரி இருக்கும்.

“அக்கா, பெரிய கம்பெனி ஒண்ணு நம்மள சேத்துக்கறேங்குது. நம்ம பழைய பிளான் எண்பத்தி நாலையும் பாக்கணுமாம். ஒரே கண்டிசன். ஃபைலுக்குள்ள குப்பை இருக்கக் கூடாது. ஒளிச்சு வெச்சது எதுவும் இருக்கக் கூடாது. ஒண்ணு மாட்டுனாலும் திருப்பி அனுப்பிடுவாங்க.”

“எப்பக்குள்ள மேடம்?”

“வெள்ளிக்கெழம சாயங்காலம். இது கெடைக்கலன்னா அடுத்த மாசம் ஷட்டர எறக்கிட்டு ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யூஸ் ஆகாததெல்லாம் தூக்கிடுங்கக்கா. எரக்கமே பாக்காதீங்க.”

பிளானக்காவுக்கு நாப்பத்தி ரெண்டு வயசு. ஆபீஸ்ல எல்லாருக்கும் அவ பிளானக்காதான், சொந்தப் பேரு சம்பள ரசீதுல மட்டுந்தான் இருக்கு. இதே மேசையில இதுக்கு முன்னாடி அவ புருசன் உக்காந்திருந்தாரு. அவர எல்லாரும் கோட்டண்ணன்னு கூப்பிடுவாங்க. ஸ்கேலு இல்லாம நேரா கோடு போடுவாரு, பேச்சும் அப்படித்தான், வளைவே கெடையாது. பதினாலு மாசத்துக்கு முன்னாடி, வயித்துல வந்த கட்டி அவரக் கொண்டு போயிடுச்சு. அதுக்கப்புறம் மேடமே கூப்பிட்டு, “அவரு சீட்டுக்கு நீங்கதான் வரணும்”னு, பக்கத்து மேசையில இருந்த இவள அந்த நாற்காலிக்கு மாத்திட்டாங்க. நாற்காலி இன்னும் அவரு உசரத்துக்குத்தான் இருந்துச்சு. கால் தரையில முழுசா படாது. எறக்கிக்கிறதுக்கு ஒரு குமிழு இருக்கு. இவ தொடல.

சரி, வேலைக்கு வருவோம். ஃபைல சுத்தம் பண்றதுக்குன்னே ஒரு கட்டளை இருக்கு, பர்ஜ்னு. அதத் தட்டுனா உள்ள இருக்கற ஸ்டாம்புப் பேரெல்லாம் வரிசையா வந்து நிக்கும். எங்கயும் குத்தாம சும்மா கெடக்கறதெல்லாம் ஒரே அடியில போயிடும். எங்கயாவது ஒரு எடத்துல, எள்ளு அளவுக்குக் குத்தியிருந்தாலும் போகாது. ‘யூஸ்ல இருக்கு’ன்னு சொல்லிட்டு உக்காந்துக்கும்.

அவ பழசுல இருந்து ஆரம்பிச்சா. முத ஃபைலு, பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி அவரு போட்ட வீடு. பர்ஜத் தட்டுனா. அறுநூத்திச் சொச்சம் பேரு. கட்டிலு போச்சு, காரு போச்சு, தொட்டி போச்சு, எவனோ வரைஞ்ச நாய்க்குட்டி கூட போச்சு. படத்துல நெசமா இருக்கற கதவு, ஜன்னலு ஸ்டாம்பெல்லாம் நின்னுச்சு, அது நிக்க வேண்டியதுதான். அதுங்களுக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு, படத்துல எங்கயும் இல்லாதது, போகாம நின்னுச்சு.

சிட்டு.

பிளானக்கா கைய மவுஸ்ல இருந்து எடுத்துட்டா. ஏசியில இருந்து பக்கெட்டுல சொட்டற தண்ணி சத்தம் திடீர்னு பெருசா கேட்டுச்சு.

சிட்டுங்கறது அவ பொண்ணு. ஒரே பொண்ணு. பதினோரு மாசம் இருந்தா. மூணு நாள் காய்ச்சல், நாலாவது நாள் இல்ல. ரெண்டு பேரும் அதப் பத்தி ஒரு வருசம் பேசுனாங்க, அப்புறம் பேச்ச நிறுத்திட்டாங்க. அந்தப் பேர வாய் விட்டுச் சொல்லிப் பல வருசம் ஆச்சு. இப்ப அது கம்ப்யூட்டர்ல, கதவு ஸ்டாம்புக்குக் கீழ, தண்ணிக் குழாய்க்கு மேல, அகர வரிசையில நிக்குது.

அந்த நேரத்துல அவ ஒண்ணு பண்ணா. பயத்துல பண்ணதுதான், யோசிச்சுப் பண்ணல. அடங்காத ஃபைலுக்கு டிராஃப்டிங்க்காரங்க செய்யற வேலை ஒண்ணு உண்டு. கண்ணுக்குத் தெரியறத மட்டும் மொத்தமா வளைச்சுப் புடிச்சு, புது ஃபைலுக்குள்ள கொட்டி, பழைய பேர்லயே சேமிச்சுடறது. தெரியாதது எதுவோ அது பழசோட போயிடும். சூடான பாத்திரத்தத் தொட்டவ கைய உதர்ற மாதிரி சரசரன்னு அத முடிச்சா. பழசக் குப்பைத்தொட்டியில போட்டு, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணா. மறுபடி பர்ஜத் தட்டுனா. கதவு, ஜன்னலு மட்டுந்தான். சிட்டு இல்ல.

அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டாவது ஃபைலத் தொறந்தா. பர்ஜ்.

சிட்டு.

மூணாவது. சிட்டு. பத்தாவது. சிட்டு. மீதி எண்பத்தி மூணுல எதத் தொறந்தாலும், எல்லாம் ஓடிப் போன பொறகு, கதவுக்குப் பக்கத்துல அது ஒண்ணு நிக்குது.

“என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? காபியில சக்கரை போட மறந்துட்டாங்களா?”

கம்பியண்ணன்தான். அம்பத்தாறு வயசு. கான்கிரீட்டுக்குள்ள எந்தக் கம்பி எங்க வரணும்னு வரையறது அவரு வேலை, அதனால அந்தப் பேரு. கண்ணுல பொரை அறுத்துட்டு, ஒன்றரை மாசம் லீவு போட்டுட்டு, அன்னிக்குத்தான் கறுப்புக் கண்ணாடியோட வந்திருந்தாரு. “சினிமாவுல கூப்பிட்டாங்க, நாந்தான் கம்பி வரையணும்னு சொல்லிட்டேன்”னு காலையில இருந்து ஆறு பேருகிட்டயும் தனித்தனியா சொல்லியாச்சு.

“ஒண்ணுமில்லண்ணே. ஒரு ப்ளாக்கு அழிய மாட்டேங்குது.”

“எதும்மா?”

“தெரியல. தேடிட்டிருக்கேன்.”

பேரச் சொல்ல அவளுக்கு வாய் வரல. கம்பியண்ணன் கண்ணாடிக்குள்ள இருந்து ஒரு நிமிசம் அவளப் பாத்தாரு, பாத்த மாதிரி இருந்துச்சு, கறுப்புக் கண்ணாடியில என்ன தெரியும். அப்புறம் ஒண்ணும் பேசாம அவரு மேசைக்குப் போயிட்டாரு. அவரு ஒண்ணும் பேசாம போறது அதிசயம். அன்னிக்கு அவ அதக் கவனிக்கல.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவத் தொறக்காமலே தேடுனா. படத்த மூலை மூலையா பெருசு பண்ணிப் பாத்தா. ஒண்ணும் இல்ல. அப்புறந்தான் லேயருங்கறது ஞாபகம் வந்துச்சு. ஒரு படங்கறது ஒரே தாளு கெடையாது, கண்ணாடித் தாளு மாதிரி பல தாளு ஒண்ணு மேல ஒண்ணு. செவுரு ஒரு தாளு, கதவு ஒரு தாளு. வேணாங்கற தாள ஒறைய வெச்சுடலாம். ஒறைஞ்சது கண்ணுக்கும் தெரியாது, பிரிண்ட்லயும் வராது, மொத்தமா அழின்னு சொன்னாலும் கை படாது. வரிசையோட கடைசியில, பேருக்குப் பதிலா வெறும் ஒரு புள்ளி வெச்சு ஒரு லேயரு, ஒறைஞ்சு கெடந்துச்சு.

உருக வெச்சா.

வீட்டோட முன்பக்கப் படம். வாசக்கதவு. கதவுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு நிக்குது. மொகம் கெடையாது, வெறும் வெளிக்கோடுதான். கவுனு, காலு, கழுத்துக்குப் பின்னாடி சுருண்டு நிக்கிற முடி ஒண்ணு. ஒரு கைய முன்னால நீட்டி, கதவத் தொட்டுக்கிட்டு நிக்குது.

அந்தச் சுருள் முடிய ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தரு போயாச்சு.

முன்பக்கப் படத்துல ஆள் பொம்மை நிக்க வைக்கிறது வழக்கந்தான். பாக்கறவங்களுக்குக் கட்டடம் எவ்ளோ உசரம்னு புரியணுமில்ல. ஆனா அத ஒளிச்சு வைக்க மாட்டாங்க. இவ மேல கீழ மவுஸ வெச்சு அந்தப் பொண்ண அளந்து பாத்தா. தொழில் புத்தி, சும்மா இருக்காதே. ரெண்டடி பத்து இஞ்ச்.

அடுத்த வருசத்து ஃபைலு. அதே பொண்ணு, அதே சுருள் முடி, வேற வீடு, வேற கதவு. மூணடி ஒரு இஞ்ச்.

அஞ்சாவது வருசத்துல மூணடி ஆறரை. ஒன்பதாவதுல நாலடி நாலு. ஒரே ஸ்டாம்புதான். வருசா வருசம் கொஞ்சம் பெருசா குத்தியிருக்காரு. அவ பொறந்த மாசத்துல, ஒரு தடவ கூடத் தப்பாம.

பிளானக்கா நாற்காலியோட விளிம்பப் புடிச்சுக்கிட்டா. அந்த மனுசன் இதே எடத்துல, இவளுக்கு மூணடி தூரத்துல உக்காந்து, சாயங்காலம் “கெளம்பலாமா”ன்னு கேட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்கூட்டர எடுத்துட்டு வந்திருக்காரு. பின்னால, இந்தப் பொண்ணு யாரோ கட்டற வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வளந்திருக்கு.

வீட்டுக்குப் போனா, நாத்தனாரு தையல் மிஷின்ல இருந்தா. புருசனோட தங்கச்சி, கல்யாணம் பண்ணிக்கல, இவகூடத்தான் இருக்கா. பள்ளிக்கூட யூனிஃபாரம் தைக்கிறா. கூடமே நீலத் துணியா கெடக்கும்.

“என்ன அண்ணி, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? மேடம் ஓட்டமா ஓட வெச்சுட்டாங்களா?”

“ஒண்ணு கேக்கறேன். உங்கண்ணன் உன்கிட்ட எப்பவாவது புள்ளைங்க உசரம் கேட்டிருக்காரா?”

மிஷின் நின்னுச்சு. “வருசா வருசம் கேப்பானே. ‘ஏய், ஏழு வயசுப் பொண்ணுக்கு என்ன உசரம் வரும்? எட்டு வயசுக்கு என்ன?’ன்னு. நான் அளவு நோட்டப் பாத்துச் சொல்வேன். ஸ்கூல் பெஞ்சு வரையறேன்னான். ஒரு தடவ, ‘உயரமான அப்பனுக்குப் பொறந்ததா, குள்ளமான அப்பனுக்கா?’ன்னு கேட்டேன். ‘என் உசரம்னு வெச்சுக்க’ன்னான். நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல.” ஊசியில நூலக் கோத்துக்கிட்டே நிமிந்து பாத்தா. “ஏன் அண்ணி?”

“சும்மாதான்.”

“உங்க சும்மாவ நான் பாத்ததில்லையா. சாப்பிடுங்க மொதல்ல.”

சாப்புட்டா. கை கழுவிட்டு வரும்போது, ரூம்பு வாசல்ல நெலையோரமா கொஞ்ச நேரம் நின்னா. மரத்துல கைய வெச்சா, நாலடி நாலுல. அப்புறம் கொஞ்சம் மேல. கட்டையில ஒரு பென்சில் கோடு கெடையாது, கீறல் கெடையாது. வீட்டுல ஒரு எடத்துல கூட அவரு அளந்து வெக்கல. இவ கண்ணுல பட்டுடும்னுதான்.

அப்பத்தான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. மொத்தம் எண்பத்தி நாலு ஃபைலு. கடைசி பதினொண்ணு, அவரு போன பொறகு இவளே போட்டது. அதுலயும் சிட்டு இருந்துச்சு.

மறுநாள் முத ஆளா வந்து வெளக்கப் போட்டா. கடைசி பதினொண்ணையும் தொறந்தா. இவ கையால போட்ட வீடு, இவ வெச்ச கதவு. ஒவ்வொரு கதவோரமும் அவ நிக்கிறா. நிக்கிறத நம்பலாம், பழைய ஃபைலு மேலதான புதுசப் போடறோம், ஒறைஞ்சது கூடவே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். ஆனா புதுக் கதவு எங்க இருக்கோ அங்க நகந்து வந்து நிக்கிறாளே? அதோட, அவரு சாகறப்ப இருந்தது நாலடி ஒன்பது. அதுக்கு அடுத்த மாசத்துல இருந்து நாலடி பதினொண்ணு. கடைசி ஃபைலு, போன மாசம் போட்ட சின்ன மருந்துக்கடைக் கட்டடம், அதுல அஞ்சடி ஒண்ணேகாலு.

செத்தவரு அளக்க முடியாது. செத்தவ வளர முடியாது. இவ அளக்கல. அப்ப யாரு?

ஆபீஸ்ல யாரும் வரல. பின்னாடி ப்ளாட்டரு, அந்தப் பெரிய பிரிண்டரு, சும்மா ஒரு தடவ தலைய இடமும் வலமும் ஓட்டிப் பாத்துட்டு நின்னுச்சு. கரண்டு வந்தா அது அப்படித்தான் பண்ணும், தெனமும் பண்றதுதான். அன்னிக்கு அவளுக்கு எழுந்து ஓடணும் போல இருந்துச்சு.

கதவு தொறந்துச்சு. கம்பியண்ணன். கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே உள்ள வந்தவரு, இவ திரையப் பாத்தாரு. அங்கயே நின்னுட்டாரு.

“கண்டுபுடிச்சுட்டியா” அப்படின்னாரு. கேள்வி மாதிரி இல்ல.

“அண்ணே. இது நீங்களா?”

அவரு ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. கண்ணாடிய மாட்டிக்கிட்டாரு.

“ஆஸ்பத்திரியில கடைசியாப் பாத்தப்ப ஒரு தாளக் குடுத்தான்மா. ‘கம்பி, பாப்பா பாதியில நிக்கக் கூடாதுடா. நீ பாத்துக்க’ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் வெளக்கிச் சொன்னான். உன் ஃபைலு எல்லாம் கம்பி போட என்கிட்ட வந்துட்டுத்தானே திரும்பி வரும்? அப்ப கதவுகிட்ட நகத்தி வெப்பேன். பன்னெண்டு முடிஞ்சதும் தாளப் பாத்து ஏத்துனேன். என்ன திட்டணும்னா திட்டிடு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்.”

“ஏன்?”

“‘அவ ஒரு தடவ அழுது முடிச்சுட்டா, மறுபடி ஆரம்பிக்க வேணாம்’னான். கிறுக்கன். அவனுக்குக் கோடு போடத்தான் தெரியும்.”

பிளானக்காவுக்குக் கோவமா வந்துச்சா, அழுகையா வந்துச்சான்னு அவளுக்கே தெரியல. ரெண்டும் ஒரே கதவுல நெரிச்சுக்கிட்டு நின்னுச்சு. வெளிய வந்தது வேற.

“அண்ணே, நான் முத ஃபைல்ல இருந்தத அழிச்சுட்டேன். நேத்து. யாருன்னு பாக்காமலே. பேரு தெரிஞ்சும், மொகத்தப் பாக்காம, குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டேன்.”

முத ஃபைலுங்கறது புள்ள போன மாசத்துல போட்டது. மத்ததெல்லாம் நாத்தனாரு நோட்டுல இருந்து வந்த உசரம், வளந்திருந்தா இவ்ளோ இருப்பாங்கற உசரம். அது ஒண்ணுதான் உயிரோட இருந்தப்ப அவரு டேப்பு வெச்சு அளந்தது. அது எவ்ளோன்னு இவளுக்கு ஞாபகம் இல்ல. பெத்தவளுக்கு ஞாபகம் இல்ல. அதத்தான் அவளால தாங்க முடியல.

கம்பியண்ணன் எழுந்து போயி அவரு இழுப்பறைப் பூட்டத் தொறந்தாரு. நாலா மடிச்ச ஒரு தாளு. வரையற தாளு. அவ புருசனோட எழுத்து, ஒவ்வொண்ணும் அச்சுல வாத்த மாதிரி, சாகக் கெடந்தப்பவும் ஒரு கோடு கோணல. ஒரு பக்கம் வயசு, எதுத்த பக்கம் உசரம். முத வரி: பதினோரு மாசம், ரெண்டடி நாலேகால் இஞ்ச். அதுக்குப் பக்கத்துல சின்னதா, ‘நெசம்’னு எழுதியிருந்துச்சு.

அவ வெரலால ஒவ்வொண்ணா பதிமூணு வரைக்கும் எறங்குனா. பன்னெண்டு, நாலடி பதினொண்ணு. பதிமூணு, அஞ்சடி ஒண்ணேகாலு.

“போன மாசம் பதிமூணு முடிஞ்சுச்சு, மருந்துக்கடையில சரியா ஏத்தியிருக்கீங்கண்ணே.”

“எதுல?”

“கடைசி ஃபைல்ல. மருந்துக்கடை.”

கம்பியண்ணன் அவளப் பாத்தாரு. “நான் ஒன்றரை மாசமா லீவுல இருந்தேம்மா. கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு, பொண்டாட்டி பேப்பர் படிச்சுக் கேட்டுக்கிட்டு. மருந்துக்கடைய நான் பாக்கவே இல்ல. இந்த வருசம் தவறிடுச்சே, அவனுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் நேத்து உன்கிட்ட ஒண்ணும் பேசாம போனேன்.”

ரெண்டு பேரும் திரையப் பாத்தாங்க. அஞ்சடி ஒண்ணேகாலு. தாளு பூட்டுன இழுப்பறையில. சாவி அவரு இடுப்புல.

“கடைசியா எப்ப சேமிச்சதுன்னு பாரு” அப்படின்னாரு மெதுவா.

பாத்தா. போன மாசம், ஒரு புதங்கெழம, சாயங்காலம் அஞ்சே முக்கால். இவ மேசையில, இவ கம்ப்யூட்டர்ல. அந்த நேரத்துல இவதான் இங்க உக்காந்திருந்தா. பொண்ணு பொறந்த நாளும் அதுதான். அன்னிக்கு எதையாவது வரைஞ்சுக்கிட்டே இருக்கணும், நெனப்பு வரக் கூடாதுன்னு சீக்கிரமே கெளம்பாம இருந்தது ஞாபகம் இருக்கு. என்ன வரைஞ்சான்னு ஞாபகம் இல்ல. தன்னோட வலது கையத் திருப்பி ரெண்டு பக்கமும் பாத்தா. கைதான். மோதிரம் கழட்டுன தடம், மவுஸ் புடிச்சுப் புடிச்சுக் காச்சுப் போன மணிக்கட்டு. அது வேற எதுவும் சொல்லல.

“நீயே போட்டிருப்ப” அப்படின்னாரு கம்பியண்ணன். இடுப்புச் சாவியத் தடவிப் பாத்துட்டு, “அப்படித்தான் இருக்கணும்”னும் சொன்னாரு. அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் அதப் பத்தி இன்னிக்கு வரைக்கும் பேசல.

வியாழக்கெழம மேடம் வந்தாங்க. “எவ்ளோ முடிஞ்சுதுக்கா?”

“எண்பத்தி நாலும் முடிஞ்சுது மேடம். அதுல எண்பத்தி மூணுல மட்டும் ஒவ்வொண்ணு பாக்கி.”

“அழியலையா?”

“அழிக்கலாம். நாந்தான் இன்னும் அழிக்கல.”

“நாளைக்கு சாயங்காலம் அக்கா” அப்படின்னாங்க மேடம். அந்தக் கொரல்ல கோவம் இல்ல, பயந்தான் இருந்துச்சு. ஆறு பேரு சோறு. கம்பியண்ணனுக்கு இந்த வயசுல வேற எவன் வேல குடுப்பான்?

வெள்ளிக்கெழம காலையில பிளானக்கா முத ஃபைலத் தொறந்தா. ரெண்டாவது ஃபைல்ல இருந்து சிட்டுவ எடுத்து, முத வீட்டோட கதவுக்குப் பக்கத்துல வெச்சா. கம்பியண்ணன் குடுத்த தாளப் பாத்து அளவு வெச்சா. ரெண்டடி நாலேகாலு. இவ்ளோ தானா இருந்தா. கதவோட மூணுல ஒரு பங்கு. நீட்டுன கை, கதவோட அடிப்பலகையத் தொட்டுச்சு. ரொம்ப நேரம் பாத்தா. அத அவ வெச்சது வெச்சுக்கறதுக்கு இல்ல. திங்கக்கெழம யாருன்னு பாக்காம தள்ளுனாளே, அதுக்குத்தான். ஒழுங்கா கூப்பிட்டு, மொகம் பாத்து, ஒழுங்கா அனுப்பணும்னு.

“போயிட்டு வா”ன்னு வாய் விட்டுச் சொன்னா. அழிச்சா.

அப்புறம் ரெண்டடி பத்து. மூணடி ஒண்ணு. ஒவ்வொண்ணையும் உருக வெச்சு, பாத்து, அழிச்சா. கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல ஒரு எடத்துல கஷ்டம் வேற மாதிரி மாறிடுச்சு. எந்த வீட்டுல புள்ளைங்க எல்லா வயசுலயும் ஒரே நேரத்துல நிக்குது? நாலடி வந்துட்டா மூணடி இல்ல. சட்டை பத்தாமப் போனா எடுத்து மடிச்சுக் குடுத்துடறோம். அப்பன்காரன் ஒரு சட்டையக் கூடக் குடுக்காம எல்லாத்தையும் அடுக்கி வெச்சிருந்தான், அவ்ளோதான். எண்பத்தி மூணு முடிஞ்சப்ப மணி மூணு. சாப்பாட்டு டப்பாவத் தொறந்து, அங்கயே உக்காந்து முழுசா சாப்புட்டா.

கடைசி ஃபைலு. மருந்துக்கடை. அஞ்சடி ஒண்ணேகாலு. பிளானக்கா அஞ்சடி ஒரு இஞ்ச். சிட்டு கால் இஞ்ச் தாண்டிட்டா.

இத அவ அழிக்கல. ஒறைஞ்ச லேயர்ல இருந்து அவளத் தூக்கி, ஆள் பொம்மைக்குன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கற லேயர்ல வெச்சா. புள்ளி வெச்ச அந்த லேயரு இப்ப காலி. பர்ஜத் தட்டுனா, அது ஒரு சத்தமும் இல்லாம போயிடுச்சு.

சாயங்காலம் மேடம் ப்ளாட்டருகிட்ட நின்னு, தாளு வரவரப் பாத்தாங்க. இத்தன வருசம் ஒளிஞ்சு நின்ன ஆளு, முத தடவையா கோடு கோடா வெளிய வந்துச்சு. மொதல்ல காலு. அப்புறம் கவுனு. அப்புறம் அந்தச் சுருள் முடி.

“யாருக்கா இது? லிஸ்டுல இல்லையே.”

“ஆளுதான் மேடம். கதவு எவ்ளோ உசரம்னு தெரியறதுக்கு.”

மேடம் தல சாச்சுப் பாத்தாங்க. “ஒளிஞ்சிருந்தா வம்பு. இது நல்லாத்தான் நிக்குது. இருக்கட்டும்”னுட்டு ஓடிட்டாங்க. கம்பியண்ணன் ரெண்டு மேசை தள்ளி பலமா மூக்கச் சிந்திட்டு, “ஆபரேசன் பண்ண கண்ணுல தண்ணி வரக்கூடாதும்மா, டாக்டரு சொல்லியிருக்காரு”ன்னாரு.

பிளானக்கா தாளக் கையில எடுத்துப் பாத்தா. ஒரே ஸ்டாம்புதான், பன்னெண்டு வருசமா அதே நீட்டுன கைதான். குட்டியா இருந்தப்ப அடிப்பலகையத் தொட்டுச்சு. அப்புறம் நடுப்பலகை. இப்ப உசரம் கூடுனதுல, அந்தக் கை சரியா கதவுக் கைப்பிடியில வந்து நிக்குது. அந்தக் கைய யாரும் தூக்கி வெக்கல. வளந்ததுனால வந்துச்சு.

அவ கைப்பையில இருந்த தாளோட மடிப்பத் தொறந்தா. பதினாலு, பதினஞ்சு, பதினாறு, பதினேழுக்கு எதுக்க உசரம் இருந்துச்சு. கடைசி வரி பதினெட்டு. அதுக்கு எதுக்க உசரம் இல்ல. ஒரு கோடு கோணாத எழுத்துல, ‘இனிமே அளக்க வேணாம். கதவத் தொறந்து வெச்சுடு’ன்னு இருந்துச்சு.

இன்னும் அஞ்சு வருசம். அவ நாற்காலிக்குக் கீழ கையவிட்டு, அந்தக் குமிழத் திருகுனா. நாற்காலி புஸ்ஸுன்னு எறங்குச்சு. ரெண்டு காலும் தரையில படிஞ்சுச்சு. பின்னாடி ப்ளாட்டரு, யாரும் ஒண்ணும் அனுப்பாமலே, ஒரு தடவ இடமும் வலமும் ஓடிட்டு நின்னுச்சு. இந்தத் தடவ அவ திரும்பிப் பாக்கல.